ஓர் அங்குல இடைவெளி

மோட்டார் வண்டியில் எந்தப் பாகமும் தளர்வாக இருக்கக் கூடாது என்றுதான் நாங்கள் எண்ணியிருந்தோம். சிறிது தளர்வு இருந்தால்தான் வண்டியே ஓடும் என்பதை ஏலாக்குறிச்சி போகும் வழியில் கற்றுக்கொண்டோம்.

அடைக்கல மாதாவைத் தரிசிக்கப் பெரம்பலூரிலிருந்து எங்கள் பெரியப்பாவின் பழைய மகிந்திரா ஜீப்பில் குடும்பத்தோடு புறப்பட்டோம். அரியலூரைத் தாண்டியதும் ஒரு சிறு மேட்டில் இஞ்சின் உறுமியது, வண்டியோ ஊர்ந்தது. தீய்ந்த வாடை வேறு. பின்னால் சிமெண்டு லாரிகள் ஹாரன் அடித்தன. நாங்கள் பயந்துபோய் ஜெபமாலையைக் கையில் எடுத்தோம்.

அழைத்துவரப்பட்ட மெக்கானிக், "கிளச் நழுவுகிறது" என்றார். "பெடல் லூசாக ஆடுகிறதே என்று நான்தான் போன வாரம் இறுக்கினேன்" என்றார் பெரியப்பா. கோளாறு அங்கேதான் இருந்தது.

அமெரிக்காவின் வில்லிஸ் ஜீப்பை மகிந்திரா நிறுவனத்தார் பம்பாயில் முதன்முதலாக இணைத்தது 1949-இல். இப்பழைய ஜீப்புகளில் கிளச்சை இயக்குவது எண்ணெய் அழுத்தமன்று, கம்பி வடம்தான். இஞ்சினோடு சுழலும் கனத்த சக்கரத்தின்மீது கிளச் தட்டை ஸ்பிரிங்குகள் அழுத்திப் பிடித்திருக்கின்றன. அந்தப் பிடியினால்தான் இஞ்சினின் சக்தி சக்கரங்களுக்குச் செல்கிறது. பெடலை மிதித்தால் வடம் இழுபடும், பேரிங் முன்சென்று விரல் போன்ற நெம்புகோல்களை அழுத்தும், பிடி விலகும், கியர் மாற்றலாம்.

காலை எடுத்தபின் பேரிங் அந்த விரல்களைத் தொடவே கூடாது. அதற்காகவே பெடலில் ஏறக்குறைய ஓர் அங்குலம் வெற்றாட்டம் விடுகிறார்கள். அது இல்லாவிட்டால், மிதிக்காதபோதும் மிதித்தது போலாகித் தட்டு நழுவித் தேயும். அதிகமானாலோ பிடி முழுவதும் விலகாது, கியர் கரகரக்கும். தோழியரே, ஒரு வியப்பு! தட்டு தேயத் தேய இந்த ஆட்டம் கூடுவதில்லை, குறைகிறது. தட்டு மெலியும்போது விரல்கள் பேரிங்கை நோக்கி நகர்ந்து வருவதே காரணம்.

மெக்கானிக் இஞ்சினை நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரங்களுக்குக் கல் அணை கொடுத்தார். பெடலைக் கையால் மெல்ல அழுத்தி, விறைக்கும் இடம் வரை அளந்தார், ஆட்டமே இல்லை. வடத்தின் முனையிலுள்ள லாக் நட்டைத் தளர்த்தினார். வடத்தைச் சிறிது சிறிதாகத் திருகி நீளமாக்கினார். ஓர் அங்குலம் வந்ததும் நட்டை இறுக்கி, மறுபடி அளந்தார். பிறகு இஞ்சினை ஓட்டிக் கியர் போட்டுப் பார்த்தார், சத்தமில்லை. "இனியும் நழுவினால் தட்டையே மாற்ற வேண்டும். ஓட்டும்போது பெடல்மேல் காலை வைத்துக்கொண்டே போகாதீர்கள்" என்று எச்சரித்தார்.

மாலைப் பூசைக்குள் மாதாவின் சந்நிதியை அடைந்தோம். ஓயாமல் இறுக்கிப் பிடிப்பது மட்டுமே கவனமாகாது. விட வேண்டிய இடத்தில் விடுவதும் கவனமே. பரீட்சை நாட்களில் எங்களை ஓயாது அதட்டும் பெற்றோருக்கும் இதைப் பணிவுடன் சொல்லிக்கொள்கிறோம்!