யாரைக் காக்க வைப்பது?

வீட்டுக் கணினியில் பிராசஸர் 100 சதவீதத்தைத் தொட்டால் விசிறி இரையும், மவுஸ் நகராது, நம் விரல் ரீஸ்டார்ட் பொத்தானைத் தேடும். வங்கியின் மெயின்ஃபிரேம் அறையிலோ 100 சதவீதம் என்பது சாதாரணமான ஒரு மதியம். கோடிகளைக் கொட்டி வாங்கிய எந்திரம் சும்மா இருந்தால்தான் அங்கே வருத்தம். அத்தனை நெரிசலிலும் ஏடிஎம் முன் நிற்பவருக்குச் சட்டென்று பதில் போய்விடுகிறது. வேகம் இதற்குப் பாதிக் காரணம். யாரைக் காக்க வைக்கலாம் என்று அந்த எந்திரத்துக்குத் தெரியும் என்பது மீதிப் பாதி.

ஐபிஎம் 1964-ல் அறிவித்த சிஸ்டம்/360-ன் வாரிசுகள்தான் இசட்/ஓஎஸ் இயங்குதளத்தில் ஓடும் இன்றைய மெயின்ஃபிரேம்கள். அந்த வம்சத்தில் நெடுங்காலம் ஒவ்வொரு வேலைக்கும் முன்னுரிமை எண்ணை சிஸ்டம் புரோகிராமர்தான் கையால் எழுதி வைத்தார். ஒன்றை ஏற்றினால் இன்னொன்று இறங்கும். எந்தத் துறை உரக்கச் சத்தம் போடுகிறதோ அதன் எண் ஏறும் என்பது எழுதப்படாத விதியாக இருந்திருக்கும் என்பது என் ஊகம்.

1994-ல் எம்விஎஸ்/இஎஸ்ஏ இயங்குதளத்தின் ஐந்தாம் பதிப்போடு வந்த வொர்க்லோட் மேனேஜர் பேச்சையே மாற்றியது. எண் வேண்டாம், உங்களுக்கு என்ன ஆக வேண்டும் என்று சொல்லுங்கள் என்றது. ஏடிஎம் பரிவர்த்தனைகளில் 90 சதவீதம் அரை நொடிக்குள் முடிய வேண்டும், முக்கியத்துவம் 1. இப்படி 5 வரை படிகள். இலக்கே இல்லாத வேலைகளும் உண்டு. மிச்சம் மீதி கிடைத்தால் அவை ஓடும்.

பிறகு மேனேஜர் மதிப்பெண் போடும். நடந்ததை இலக்கால் வகுத்தால் வருவது அது. அந்த 90 சதவீதம் முடிய ஒரு நொடி ஆகிவிட்டால் மதிப்பெண் 2. ஒன்றைத் தாண்டினால் அந்த வேலை வகை கஷ்டத்தில் இருக்கிறது என்று பொருள். சுமார் 10 நொடிக்கு ஒருமுறை மேனேஜர் எல்லாரையும் பார்க்கிறது. கஷ்டப்படுபவர் எதற்காக நிற்கிறார்? பிராசஸருக்கா, நினைவகத்துக்கா, டிஸ்க்குக்கா? அது யாரிடம் தாராளமாக இருக்கிறது? கொடுத்தால் பலன் இருக்குமா என்று கணக்குப் போட்டு, இருந்தால் மட்டும் எடுத்துக் கொடுக்கிறது. பலனில்லாத தானத்துக்காக யாரிடமும் பிடுங்குவதில்லை.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது வேறொரு சமாச்சாரம். கடைசி வரிசை வேலை ஒன்று ஒரு கோப்பைப் பூட்டி வைத்திருக்கிறது. அதற்கு பிராசஸர் கிடைக்கவில்லை. ஆகவே பூட்டைத் திறக்கவில்லை. முதல் வரிசை வேலை அதே கோப்புக்காகத் தவம் கிடக்கிறது. டவுன் பஸ்ஸில் படிக்கட்டை அடைத்து நிற்பவரைத் திட்டிப் பயனில்லை, அவரை முதலில் இறக்கிவிட்டால்தான் மற்றவர்கள் இறங்க முடியும். மேனேஜரும் அதைத்தான் செய்கிறது. அந்த அற்ப வேலைக்குக் கொஞ்ச நேரம் பெரிய மனுஷ அந்தஸ்து கொடுத்து, பூட்டை விடுவிக்க வைக்கிறது.

நேரத்தைப் பங்கிடுவது இப்படியென்றால், இடத்தைப் பங்கிடுவது தனிக்கதை. புதுக் கோப்புக்கு எவ்வளவு இடம் வேண்டும் என்று முன்கூட்டியே எழுதிக் கொடுக்க வேண்டும் என்பது மெயின்ஃபிரேமின் பழைய சம்பிரதாயம். குறைத்துக் கேட்டால் நடு இரவில் இடம் தீர்ந்து வேலை பாதியில் விழும். இப்படி விழுவதை பி37 அபெண்ட் என்றால் அந்தத் தொழிலில் எல்லாருக்கும் தெரியும். பயந்துபோய் எல்லாரும் கூட்டிக் கேட்டார்கள். துண்டு போட்டுப் பிடித்த சீட்டுகளாக டிஸ்க் பாதி காலியாகவே நிரம்பியது. 1980-களின் கடைசியில் வந்த டிஎஃப்எஸ்எம்எஸ் என்ற மென்பொருள், கோப்பின் பெயரைப் பார்த்தே அது எந்த ரகம், எங்கே போக வேண்டும் என்று தானே தீர்மானிக்கத் தொடங்கியது.

இடத்தை அளக்கும் அலகு மட்டும் மாறவே இல்லை. 1989-ல் வந்த 3390 டிஸ்க்கில் ஒரு டிராக் 56,664 பைட், 15 டிராக் ஒரு சிலிண்டர். இன்று உள்ளே இருப்பது சுழலாத ஃபிளாஷ். ஆனாலும் அது 3390 வேஷம் கட்டிக்கொண்டு சிலிண்டர் கணக்கில்தான் இடம் தருகிறது. பழைய தங்க நாணயம் புழக்கத்தில் இல்லாமல் போன பிறகும் நாம் பவுன் கணக்கில் நகை வாங்கவில்லையா?

தொடாமல் கிடக்கும் கோப்புகளுக்குப் பரண் இருக்கிறது. ஹெச்எஸ்எம் என்ற நிரல் இத்தனை நாள் யாரும் திறக்கவில்லை என்று பார்த்து, கோப்பைச் சுருக்கி மலிவான டிஸ்க்குக்கும், அங்கிருந்து டேப்புக்கும் ஏற்றிவிடும். கேட்டலாகில் முகவரி இருந்த இடத்தில் ‘மைக்ராட்’ என்று மட்டும் எழுதியிருக்கும். கேட்பவருக்கு இது தெரிய வேண்டியதில்லை. திறந்தால் தானே இறங்கி வரும், டேப் மாட்டிச் சுற்றும் நேரம் மட்டும் காத்திருக்க வேண்டும். விவரமான ஆட்கள் அதற்கும் இடம் கொடுப்பதில்லை. ஆண்டுக் கணக்கு முடிக்கும் இரவென்றால், போன வருஷக் கோப்புகளை அன்று சாயங்காலமே ரீகால் கொடுத்துப் பரணிலிருந்து இறக்கி வைத்துவிடுவார்கள்.