குறைந்த விலைக்கு வரும் பழைய வான்: காசு கொடுக்கும் முன் பார்க்க வேண்டியவை

ஊருக்குத் திரும்பிய குடும்பங்கள் பலவற்றில் வான் வாங்கும் கதை அடிபடுகிறது. காரணம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றி இறக்கலாம், முல்லைத்தீவு மீனைக் கிளிநொச்சிச் சந்தைக்குக் கொண்டுபோகலாம், வவுனியா ஆஸ்பத்திரிக்கு ஹயர் ஓடலாம். பஸ் குறைவான இடங்களில் ஒரு வான் ஒரு குடும்பத்துக்குச் சோறு போடும் என்பதில் எங்களுக்கும் சந்தேகம் இல்லை.

ஆனால் அந்த வானுக்குக் கொடுக்கப்படும் காசு எப்படிப்பட்ட காசு? அடகு வைத்த தாலிக்கொடி, வெளிநாட்டில் இருக்கும் அண்ணன் கடன்பட்டு அனுப்பியது, சில வீடுகளில் முன்பு கொட்டில் போடவென்று கிடைத்த 25,000 ரூபாயும் அதற்குள் போயிருக்கிறது. இந்தக் காசு ஒருமுறை போனால் திரும்ப வராது. அதனால்தான் வீடு, கிணறு, காணி பற்றிய கைநூலில் வானைப் பற்றியும் எழுதுகிறோம்.

ஊரில் மற்றவர்கள் 8 இலட்சம் சொல்லும் வானை ஒருவர் 3 இலட்சத்துக்குத் தருகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவசரமாக வெளிநாடு போகிறேன், மகளுக்குக் கலியாணம் என்று சொல்கிறார். நாளைக்கு வேறு ஆள் வருகிறார், இன்றைக்கே முடிவு சொல்லுங்கள் என்கிறார். வீட்டு விலாசம் தராமல் ஏ9 வீதியோரத் தேத்தண்ணீர்க் கடையில் சந்திக்கச் சொல்கிறார். இவற்றில் எதுவும் தனியே குற்றம் அல்ல. ஆனால் எல்லாம் ஒன்றாக வந்தால் விலை குறைந்ததற்கு வேறு காரணம் இருக்கிறது என்று நினைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் அந்தக் காரணம் எஞ்சினில் இருக்காது, பத்திரத்தில் இருக்கும்.

புத்தகத்தில் யாருடைய பெயர்?

நாங்கள் ‘புத்தகம்’ என்று சொல்வது மோட்டார் போக்குவரத்துத் திணைக்களம் வழங்கும் வாகனப் பதிவுச் சான்றிதழை. விற்பவரின் தேசிய அடையாள அட்டையை வாங்கி, அதிலுள்ள பெயரையும் இலக்கத்தையும் புத்தகத்திலுள்ள பெயரோடும் இலக்கத்தோடும் ஒப்பிடுங்கள். இரண்டும் ஒன்றானால் பாதிப் பயம் போய்விடும்.

ஒன்றாக இல்லாவிட்டால் அவர் எடுத்துக் காட்டுவது ‘ஓப்பின் பேப்பர்’ ஆக இருக்கும். பதிவு உரிமையாளர் எப்போதோ கையெழுத்து வைத்து, வாங்குபவரின் பெயர் எழுதும் இடத்தை வெறுமையாக விட்ட உரிமை மாற்றப் படிவம் அது. இலங்கை முழுவதும் இப்படி வாகனங்கள் கைமாறுகின்றன. வன்னியில் இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 2002 இல் ஏ9 வீதி திறந்த பின் தெற்கிலிருந்து நிறைய வாகனங்கள் வாங்கி வரப்பட்டன. 2006 ஆகஸ்டில் வீதி மூடப்பட்டதும் கொழும்புக்குப் போய்ப் பெயர் மாற்ற வழியில்லாமல், ஒரே தாளை வைத்துக்கொண்டு மூன்று நான்கு கை மாறியவை உண்டு. ஆகவே ஓப்பின் பேப்பர் வைத்திருப்பவர் எல்லோரும் கள்ளர் அல்ல.

ஆனாலும் அந்தத் தாள் உங்களைப் பாதுகாக்காது. சட்டப்படி வாகனம் கைமாறினால் 14 நாட்களுக்குள் அதைத் திணைக்களத்துக்கு அறிவித்துப் பதிவை மாற்ற வேண்டும். பழைய தாளிலுள்ள கையெழுத்து பொருந்தவில்லை என்றாலோ, அந்த உரிமையாளர் இறந்துவிட்டார் என்றாலோ, நான் விற்கவேயில்லை என்று அவர் சொன்னாலோ உங்கள் கையில் இருப்பது வெறும் கடதாசி. வாகனம் விபத்தில் ஒருவரை மோதினால் பொலிஸ் முதலில் தேடிப் போவதும் புத்தகத்தில் பெயருள்ளவரைத்தான். அவர் வந்து உங்களைக் காட்டுவார்.

ஒன்றைப் பலர் தவறாக விளங்கிக்கொள்கிறார்கள். கண்ணாடியில் ஒட்டியிருக்கும் வருடாந்த வரிப் பத்திரம் புதிதாக இருந்தால் எல்லாம் சரி என்று நினைக்கிறார்கள். காப்புறுதியும் புகைப் பரிசோதனைச் சான்றிதழும் இருந்தால், பதிவு உரிமையாளர் நேரில் வராமலே அந்தப் பத்திரத்தை எடுத்துவிடுகிறார்கள். அந்த வருடத்துக்கு வரி கட்டப்பட்டது என்பதற்கு மட்டுமே அது சாட்சி. விற்பவருக்கு வாகனம் சொந்தம் என்பதற்கு அல்ல.

புத்தகத்தின் போட்டோப் பிரதியை மட்டும் காட்டி, “அசல் வீட்டில் இருக்கிறது” என்று சொன்னால் இன்னும் கவனம். யுத்தம் முடிந்த பின் நிதி நிறுவனங்கள் வடக்கில் கிளைகளைத் திறந்து லீசிங்கில் வாகனம் கொடுக்கின்றன. தவணை முடியும் வரை அசல் புத்தகம் நிறுவனத்திடம் இருக்கும், புத்தகத்தில் நிறுவனத்தின் பெயரும் பதியப்பட்டிருக்கும். தவணை கட்ட முடியாத ஒருவர் வானை உங்களிடம் தள்ளிவிட்டுப் போனால், நிறுவனத்தின் ஆட்கள் ஒருநாள் வந்து வானைக் கொண்டுபோவார்கள். நீங்கள் முழுக் காசும் கொடுத்துவிட்டீர்கள் என்பது அவர்களுடைய கணக்கில் இல்லை. “மிச்சத் தவணையை நீங்களே கட்டிக்கொள்ளுங்கள்” என்ற வாய்ப்பேச்சு உடன்பாட்டுக்கும் ஒத்துக்கொள்ளாதீர்கள். அப்படி எடுப்பதானால் விற்பவரோடு அந்த நிறுவனத்தின் கிளைக்கே போய், மிச்சம் எவ்வளவு என்று எழுத்தில் வாங்கி, உங்கள் பெயரில் ஒப்பந்தம் எழுதிக்கொள்ளுங்கள்.

எரிந்துபோன புத்தகம், இல்லாத உரிமையாளர்

இந்தப் பகுதி எங்கள் மாவட்டங்களுக்கே உரியது. தருமபுரம், விசுவமடு, உடையார்கட்டு, இரணைப்பாலை, மாத்தளன், முள்ளிவாய்க்கால் என்று 2009 இல் சனம் நகர்ந்த வழியெல்லாம் வாகனங்களை விட்டுவிட்டுத்தான் போனார்கள். நீங்களும் ஒன்றை விட்டிருப்பீர்கள். எரிந்தவை போக மிஞ்சியவற்றிலிருந்து கழற்றிய எஞ்சின்களும் கியர்பெட்டிகளும், சில இடங்களில் முழு வாகனங்களுமே பின்னர் கைமாறின. “புத்தகம் முள்ளிவாய்க்காலில் எரிந்துபோச்சு” என்று ஒருவர் சொன்னால் அது முழு உண்மையாகவும் இருக்கலாம். வேறொரு குடும்பத்தின் வானைக் கொண்டுவந்தவர் சொல்லும் கதையாகவும் இருக்கலாம். முகத்தைப் பார்த்து இதைப் பிரிக்க முடியாது.

ஆனால் ஒரு வழி இருக்கிறது. உண்மையான உரிமையாளர், புத்தகம் தொலைந்தது என்று பொலிஸில் முறைப்பாடு செய்து, அந்தப் பிரதியோடு திணைக்களத்தில் விண்ணப்பித்து இரண்டாம் பிரதி எடுக்கலாம். “ஐயா, நீங்கள் இரண்டாம் பிரதியை எடுத்துக்கொண்டு வாருங்கள், அதுவரை நான் காத்திருக்கிறேன்” என்று மரியாதையாகச் சொல்லுங்கள். நேர்மையானவர் மனம் நோகமாட்டார். போக்குவரத்துச் செலவு அவருக்குக் கஷ்டமென்றால் அதை மட்டும் நீங்கள் கொடுத்து உதவலாம். பிரதி எடுக்க மறுப்பவரிடம் வாங்காதீர்கள்.

பதிவு உரிமையாளர் இறந்திருந்தால் மனைவியோ மகனோ கையெழுத்து வைத்து விற்றுவிட முடியாது. இறப்புச் சான்றிதழ் வேண்டும், சொத்தின் பெறுமதியைப் பொறுத்து மாவட்ட நீதிமன்றத்துக்கும் போகவேண்டி வரலாம். உரிமையாளர் காணாமற்போனவராக இருந்தால் விடயம் இன்னும் கடினம். ஒரு வருடத்துக்கு மேல் தகவல் இல்லாதவர்களின் இறப்பைப் பதிவதற்கு 2010 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கச் சட்டம் இடமளித்தது. ஆனால் அந்தப் பதிவைச் செய்வதா இல்லையா என்பது அந்தக் குடும்பத்தின் முடிவு. ஒரு வானை விற்பதற்காக, கணவனைத் தேடிக்கொண்டிருக்கும் ஒரு பெண்ணை இறப்புச் சான்றிதழ் எடுக்கும்படி எந்தத் தரகரும் நெருக்கக்கூடாது. வாங்குபவரான நீங்களும் நெருக்காதீர்கள். வேறு வான் கிடைக்கும். அந்தக் குடும்பம் உண்மையிலேயே விற்க விரும்பினால் முதலில் சட்ட உதவி ஆணைக்குழுவின் அலுவலகத்தில் கேட்கச் சொல்லுங்கள்.

களவெடுத்த வாகனத்தைத் தெரியாமல் நல்லெண்ணத்தோடு வாங்கினாலும் அது உங்களுக்குச் சொந்தமாகாது. உரியவர் ஆதாரத்தோடு வந்தால் வாகனம் அவருக்குப் போகும். விற்றவரைத் தேடிப் பிடித்துக் காசைத் திரும்பக் கேட்பது உங்கள் பாடு. மறுபக்கமாக, விற்பனைக்கு வந்திருப்பது நீங்கள் விட்டுவந்த வான் போலத் தெரிந்தால் அந்த இடத்தில் சண்டை பிடிக்க வேண்டாம். இலக்கங்களைக் குறித்துக்கொண்டு, பழைய காப்புறுதித் துண்டோ வரிப் பத்திரமோ இருந்தால் அதையும் எடுத்துக்கொண்டு பொலிஸுக்குப் போங்கள்.

காட்டுக்குள்ளும் கரையோரத்திலும் கிடக்கும் வாகனங்களில் சாமான் கழற்றப் போகாதீர்கள். பிள்ளைகளையும் விடாதீர்கள். உள்ளேயும் அடியிலும் வெடிக்காத குண்டுகள் இருக்கலாம்.

வானைப் பார்க்கும் விதம்

பகலில் பாருங்கள். மழையில் பார்க்காதீர்கள், நனைந்த பெயின்ற் எல்லாப் பழுதையும் மறைக்கும். உங்களுக்குத் தெரிந்த மெக்கானிக்கைக் கூட்டிக்கொண்டு போங்கள், விற்பவர் காட்டும் கராஜ் வேண்டாம். மெக்கானிக்குக்குக் கொடுக்கும் கூலி இந்த வியாபாரத்தில் மிக மலிவான செலவு.

முதலில் சேசி இலக்கமும் எஞ்சின் இலக்கமும். இரண்டையும் புத்தகத்தோடு எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். சேசி இலக்கத்தின் மேல் வெள்ளைத் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்தால் இலக்கம் தாளில் பதியும். ஒரு இலக்கம் மட்டும் ஆழமாகவோ சரிந்தோ இருந்தால், சுற்றிலும் அராவிய அடையாளமோ புது வெல்டிங்கோ இருந்தால் அந்த இடத்திலேயே விட்டுவிட்டு வாருங்கள். எஞ்சின் மட்டும் மாறியிருந்தால் அது எங்கே வாங்கப்பட்டது என்பதற்குப் பற்றுச்சீட்டு கேளுங்கள். மாற்றிய எஞ்சின் புத்தகத்தில் பதியப்படாமல் இருந்தால் பெயர் மாற்றும்போது அது உங்கள் தலையில் விழும்.

நந்திக்கடல் பக்கமும் கரையோர மணலிலும் மாதக்கணக்கில் கிடந்த வாகனம் வெளியே பளபளவென்று இருந்தாலும் அடியில் உப்புத் தின்றிருக்கும். டோர்ச் எடுத்துக்கொண்டு அடியில் படுத்துப் பாருங்கள். சேசிச் சட்டத்தைச் சின்னச் சுத்தியலால் தட்டினால் நல்ல இரும்பு கணீரென்று கேட்கும், உக்கிய இரும்பு மந்தமாகக் கேட்கும். தரை விரிப்பைத் தூக்கிச் சேற்றுப் படிவு இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு சிறிய காந்தத்தைப் பக்கத் தகட்டில் மெல்ல நகர்த்துங்கள். காந்தம் ஒட்டாத இடத்தில் பட்டி பூசி மறைத்திருக்கிறார்கள். வன்னியில் ஓடிய வானில் அது சன்னம் துளைத்த ஓட்டையாகவும் இருக்கலாம். ஒன்றிரண்டு ஓட்டை பெரிய குறை அல்ல, ஆனால் பெற்றோல் அல்லது டீசல் தாங்கி, பிறேக் குழாய், வயர்கள் பக்கம் இருந்தால் நன்றாகத் தேடிப் பாருங்கள்.

எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது நீங்களே ஸ்ராட் செய்யுங்கள். நீங்கள் போகும்போதே சூடாக இருந்தால், காலையில் அது எவ்வளவு அடம்பிடித்தது என்பதை மறைக்கிறார்கள். நீலப் புகை தொடர்ந்து வந்தால் ஒயில் எரிகிறது. வெள்ளைப் புகை நிற்காமல் வந்து ரேடியேற்றர் தண்ணீரும் குறைந்தால் ஹெட் பழுதாக இருக்கலாம். பழைய பெற்றோல் வான் என்றால், தடைக்காலத்தில் மண்ணெண்ணெயில் ஓடியதா என்று நேராகவே கேளுங்கள். எங்கள் ஆட்கள் இதை மறைப்பது குறைவு, சிலர் பெருமையாகவே சொல்வார்கள். பிறகு ஏற்றத்திலும் கிரவல் வீதியிலும் ஓட்டிப் பாருங்கள்.

காசு எப்போது, எப்படி?

பெரிய முற்பணம் வேண்டாம். கொடுக்கும் சிறு தொகைக்கும் வாகன இலக்கம், சேசி இலக்கம், மொத்த விலை, விற்பவரின் அடையாள அட்டை இலக்கம், விலாசம், கையெழுத்து எல்லாம் உள்ள தாள் வாங்குங்கள். தாள் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ இருந்தால் விற்பவர் வாசித்துக் காட்டுவதை நம்பாமல், உங்களுடைய ஆள் ஒருவரைக் கொண்டு வாசிப்பியுங்கள். சமாதான நீதவானின் முன் எழுதிய விற்பனைக் கடிதம் நல்ல சாட்சி, ஆனால் அது பதிவு மாற்றத்துக்குப் பதிலாகாது.

வாங்குவதற்கு முன் திணைக்களத்தில் கட்டணம் செலுத்தி அந்த வாகனத்தின் பதிவு விபரத்தை எடுங்கள். தற்போதைய உரிமையாளர் யார், நிதி நிறுவனத்தின் பெயர் இருக்கிறதா என்பதெல்லாம் அதில் தெரியும். எங்கே விண்ணப்பிப்பது என்று முதலில் உங்கள் கச்சேரியில் விசாரியுங்கள். தலைமை அலுவலகம் கொழும்பு நாரஹேன்பிட்டியில் இருக்கிறது. விற்பவரும் நீங்களும் ஒரே நாளில் சேர்ந்து போய் உரிமை மாற்றப் படிவங்களை ஒப்படைத்து, மிச்சக் காசை அங்கேயே கொடுப்பதுதான் எங்களுக்குத் தெரிந்த பாதுகாப்பான வழி. ஒரு நாள் கூலியும் பஸ் காசும் போகும், போகட்டும். பெருந்தொகையைக் கையில் கொண்டு திரியாமல் வங்கி மூலம் கொடுத்தால் கொடுத்ததற்கும் சாட்சி இருக்கும்.

ஹயர் ஓடப் போகிறீர்கள் என்றால் காப்புறுதி எடுக்கும்போதே அதைச் சொல்லுங்கள். சொந்தப் பாவனைக்கென்று எடுத்த காப்புறுதியில் கூலிக்கு ஆள் ஏற்றி விபத்து நடந்தால் நிறுவனம் நட்டஈட்டை மறுக்கலாம்.

ஏற்கனவே வாங்கிவிட்டுப் பெயர் மாற்றாமல் வைத்திருப்பவர்கள், பதிவு உரிமையாளர் உயிரோடும் தொடர்பிலும் இருக்கும் இப்போதே அவரைக் கூட்டிக்கொண்டு போய் மாற்றிக்கொள்ளுங்கள். ஏமாற்றப்பட்டது தெரிந்தால் வானை இன்னொருவருக்குத் தள்ளிவிட நினைக்காதீர்கள், அப்போது குற்றம் உங்கள் மேலும் வரும். பொலிஸில் முறைப்பாடு செய்யுங்கள். எழுதியதைத் தமிழில் வாசித்துக் காட்டச் சொல்லிக் கேட்ட பிறகே கையெழுத்து வையுங்கள், முறைப்பாட்டுப் பிரதியையும் கேட்டு வாங்குங்கள். விற்றவர் தந்த தாள்கள், வங்கித் துண்டு, அவர் பேசிய தொலைபேசி இலக்கம் எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்ரிக் உறையில் போட்டு, போட்டோப் பிரதி ஒன்றை உறவினர் வீட்டிலும் வையுங்கள். கொட்டிலுக்குள் மழை ஒழுகினால் முதலில் நனைவது கடதாசிதான்.