கருவாட்டுக் கூடைக்குள் ஒரு கடல்

தருமபுரி மாவட்டத்திற்குக் கடற்கரை கிடையாது. தீர்த்தமலையிலிருந்து வங்கக் கடலுக்கு நேர்கோட்டில் அளந்தாலும் ஏறத்தாழ 130 கி.மீ. தொலைவு இருக்கும். ஆயினும் இப்பகுதிச் சந்தைகளில் நெத்திலி, வாளை, சாளை, சுறா என்று கருவாடு வகைவகையாகக் குவிந்திருக்கும். அந்தக் கூடையிலுள்ள ஒவ்வொரு மீனும் வெவ்வேறு உணவை உண்டு, வெவ்வேறு முறையில் இனம்பெருக்கி வாழ்ந்தது. அந்த வாழ்க்கையை அறிந்தால்தான் எந்த மீனை, எப்போது, எவ்வளவு பிடிக்கலாம் என்பது விளங்கும்.

மலைக்கும் கடலுக்கும் என்ன உறவு?

தீர்த்தமலைக்கு அருகே ஓடும் தென்பெண்ணை ஆறு கர்நாடகத்தின் நந்தி மலைப் பகுதியில் தோன்றிக் கடலூர் அருகே கடலில் கலக்கிறது. ஆறு நீரை மட்டும் கொண்டு செல்வதில்லை. பாறைகளிலும் மண்ணிலும் உள்ள உப்புச் சத்துகளைக் கரைத்துக் கொண்டும் செல்கிறது. நைட்ரேட், பாஸ்பேட், சிலிகேட் ஆகியவை அவற்றுள் முக்கியமானவை.

கடலில் இவற்றுக்காகக் காத்திருப்பவை டயாட்டம் என்னும் நுண்பாசிகள். இவை ஒரே செல்லால் ஆனவை. நுண்ணோக்கி இல்லாமல் தனித்தனியாகக் காண முடியாது. நீரில் கரைந்த சிலிகேட்டை எடுத்து, கண்ணாடி போன்ற ஓட்டைத் தம்மைச் சுற்றிக் கட்டிக்கொள்கின்றன. சூரிய ஒளியைக் கொண்டு உணவு தயாரிக்கின்றன. மாட்டுக்குப் புல்வெளி எப்படியோ, கடல் உயிர்களுக்கு டயாட்டங்கள் அப்படி. இவற்றை மேய்பவை கோப்பிபாட் முதலிய சிறு மிதவை உயிரிகள். அவற்றைச் சிறு மீன்களும், சிறு மீன்களைப் பெரிய மீன்களும் உண்கின்றன.

ஆறு மட்டுமே கடலுக்கு உரமிடுகிறது என்று எண்ணிவிடக் கூடாது. தென்மேற்குப் பருவக் காற்று வீசும் மாதங்களில் கேரள, கர்நாடகக் கரையோரம் அடிக்கடலின் குளிர்ந்த நீர் மேலே எழுகிறது. அடியில் தங்கியிருந்த சத்துகள் அதனுடன் மேலே வருவதால் டயாட்டங்கள் பெருகிக் கடலே நிறம் மாறுகிறது.

வாயைப் பார்த்தால் உணவு தெரியும்

இந்தப் பெருக்கத்தை நம்பி வாழும் மீன்களில் முதன்மையானது மத்தி. நெய்ச்சாளை என்றும் இதனை அழைப்பர். இதன் செவுளைத் திறந்து பாருங்கள். செவுள் வளைவின் உட்புறம் சீப்புப் பற்களைப் போல நூற்றுக்கும் மேற்பட்ட மெல்லிய முட்கள் நெருக்கமாக நிற்கும். மீன் வாயைத் திறந்தபடி நீந்துகையில் நீர் செவுள் வழியே வெளியேற, டயாட்டங்கள் இந்தச் சல்லடையில் தங்கிவிடும். சென்னை மாகாண மீன்துறையைச் சேர்ந்த ஜேம்ஸ் ஹார்னெல், ராமசாமி நாயுடு ஆகியோர் மலபார்க் கரையில் மத்தியின் வாழ்க்கையையும் அங்குள்ள மிதவை உயிரிகளையும் ஆராய்ந்து 1924-இல் வெளியிட்ட நூல் இத்துறையில் முன்னோடியானது. மத்தியின் இரைப்பையில் மிகுதியாகக் காணப்படும் டயாட்டங்களுள் ஒன்று ஃபிராஜிலேரியா ஓஷியானிகா. அது கடலில் தழைக்கும் ஆண்டுகளில் மத்தியும் மிகுதியாகக் கிடைக்கக் காண்கிறோம்.

வஞ்சிரத்தின் வாயோ நேர்மாறானது. கத்தி போன்ற கூரிய பற்கள் இருக்கும். செவுள் முட்களோ மிகச் சில. சாளையையும் நெத்திலியையும் துரத்திப் பிடித்து உண்ணும் மீனுக்குச் சல்லடை எதற்கு? எனவே மத்தியும் நெத்திலியும் குறைந்தால் வஞ்சிரத்திற்கும் பட்டினிதான்.

லட்சம் முட்டையும் நான்கு குட்டியும்

மத்தி ஏறத்தாழ ஓராண்டு வயதில், சுமார் 15 செ.மீ. நீளம் வளர்ந்தபோது பருவமடைகிறது. மேற்குக் கரையில் பருவமழைக் காலமே அதன் முக்கிய இனப்பெருக்கக் காலம். பெண் மீன் பல்லாயிரம் முட்டைகளை நீரில் விடுகிறது. ஆண் மீன் விந்தை விடுகிறது. கருவுறுதல் கடல்நீரிலேயே நிகழ்கிறது. மிதக்கும் முட்டைகள் ஏறத்தாழ ஒரே நாளில் பொரிந்துவிடும். வெளிவரும் குஞ்சுகளுக்கு அந்த நேரத்தில் உணவு தயாராக இருக்க வேண்டும். மிதவை உயிரிகள் பெருகும் காலத்தில் இம்மீன் முட்டையிடுவதன் பொருத்தம் இப்போது புரிகிறதல்லவா?

இறாலின் கதை இன்னும் சுவையானது. தாய் இறால் கடலில் லட்சக்கணக்கில் முட்டையிடுகிறது. முதலில் வெளிவரும் நாப்ளியஸ் என்னும் இளவுயிரி எதையும் உண்பதில்லை. தன் உடலிலுள்ள மஞ்சள் கருவிலேயே வாழ்கிறது. அடுத்த பருவத்தில் டயாட்டங்களை உண்கிறது; அதற்கடுத்து சிறு மிதவை உயிரிகளை உண்கிறது. சுமார் இரண்டு வாரங்களில் சின்னஞ்சிறு இறால் வடிவம் பெற்று, கடல் ஏற்றத்தோடு ஆற்று முகத்துவாரங்களுக்குள் நுழைகிறது. அங்கே சேற்றில் மட்கிய இலை தழைகளையும் நுண்ணுயிர்களையும் உண்டு சில மாதம் வளர்ந்து, மீண்டும் கடலுக்குத் திரும்பி முட்டையிடுகிறது. முகத்துவாரம் மணலால் அடைபட்டாலும், கழிவு நீரால் கெட்டாலும், கடலில் இறால் குறைவதற்கு இதுவே காரணம்.

பால்சுறா இவற்றுக்கு முற்றிலும் வேறானது. இது முட்டையிடுவதில்லை. கருவைத் தன் உடலுக்குள் ஏறத்தாழ ஓராண்டு சுமந்து குட்டி போடுகிறது. ஒரு முறைக்குப் பெரும்பாலும் இரண்டு முதல் ஐந்து குட்டிகளே பிறக்கும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு மீனினத்தின் எண்ணிக்கை கூடாமலும் குறையாமலும் இருக்க, ஒவ்வொரு ஜோடியும் தன் வாழ்நாளில் ஈன்றவற்றுள் இரண்டு மட்டும் வளர்ந்து முட்டையிட்டால் போதும். லட்சம் முட்டையிடும் இறாலில் 99,998 இறந்தாலும் இனம் நிலைக்கும். சுறாவுக்கோ அந்த வசதி இல்லை. கருவுற்ற ஒரு சுறாவைப் பிடித்தால் அந்த இழப்பை ஈடுகட்டப் பல ஆண்டுகள் ஆகும்.

பட்டினி கிடக்கும் தந்தை

கடல் கெளுத்தியில் பிள்ளை வளர்ப்பு தந்தையின் வேலை. பெண் மீன் கோலிக்குண்டு அளவுள்ள பெரிய முட்டைகளைச் சிறிதளவே இடுகிறது. கருவுற்ற முட்டைகளை ஆண் மீன் வாயில் சேர்த்து வைத்துக்கொண்டு, அவை பொரிந்து குஞ்சுகள் தாமாக நீந்தும் வரை காக்கிறது. வாய் நிறைய முட்டை இருக்கையில் உண்ண முடியுமா? அந்த வாரங்கள் முழுதும் அதற்குப் பட்டினிதான்.

1970களின் இறுதியிலும் 1980களிலும் கர்நாடகக் கரையில் பெரிய சுருக்குமடி வலைகள் வந்தபோது, முட்டை சுமந்த ஆண் கெளுத்திக் கூட்டங்கள் அப்படியே வாரப்பட்டன. ஒரு தலைமுறையும் அடுத்த தலைமுறையும் ஒரே வலையில் அகப்பட்டன. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலைய விஞ்ஞானிகள் எச்சரித்தார்கள். ஆனால் கெளுத்தி வளம் சரிந்து போயிற்று.

ஆணாகிப் பெண்ணாகும் மீன்

கொடுவா மீன் முதலில் ஆணாகப் பருவமடைந்து, சில ஆண்டு வளர்ந்தபின் பெண்ணாக மாறுகிறது. களவா மீனோ முதலில் பெண், பிறகு ஆண். பெரிய மீனாகப் பார்த்துப் பிடித்தால் கொடுவாவில் தாய்கள் குறைவர்; களவாவில் தந்தையர் குறைவர். சென்னையிலுள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிலையம் 1997-இல் கொடுவாவைத் தொட்டியில் முட்டையிடச் செய்து, குஞ்சு பொரிக்கும் முறையை இந்தியாவில் உருவாக்கியது.

61 நாள் விடுமுறை

மீன்களுக்கு இனப்பெருக்க வாய்ப்பளிக்கவே மீன்பிடித் தடைக்காலம் வகுக்கப்பட்டது. தமிழகத்தின் கிழக்குக் கரையில் 2001 முதல் 45 நாளாக இருந்த தடை, 2017 முதல் ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை 61 நாளாக நீட்டிக்கப்பட்டது. மேற்குக் கரையில் ஜூன், ஜூலை மாதங்கள். இக்காலத்தில் விசைப்படகுகள் கடலுக்குச் செல்வதில்லை. ஆனால் எல்லா மீனும் ஒரே மாதத்தில் முட்டையிடுவதில்லை. ஆகவே தடைக்காலம் மட்டும் போதாது. வளராத குஞ்சுகளையும் காக்க வேண்டும். கேரளத்தில் 10 செ.மீ.க்குக் குறைந்த மத்தியைப் பிடிக்கக் கூடாது என்று விதியுள்ளது.

இந்த விதியின் அருமையைக் கேரள மத்தியே காட்டுகிறது. 2012-இல் அங்கு ஏறத்தாழ 4 லட்சம் டன் மத்தி கிடைத்தது. 2021-இல் கிடைத்தது சுமார் 3,300 டன் மட்டுமே. கடலின் வெப்பநிலையும் உணவும் மாறியது ஒரு காரணம். பருவமடையாத மீன்களை மிகுதியாகப் பிடித்தது மற்றொன்று. கடலின் மாறுதலை நாம் தடுக்க இயலாது. வலையின் கண்ணை அகலமாக்க இயலும்.

தீர்த்தமலை மாணவருக்கும் இதில் பங்குண்டு. தென்பெண்ணையில் கலக்கும் சாக்கடையும் இரசாயனக் கழிவும் இறால் குஞ்சுகள் வளரும் கடலூர் முகத்துவாரத்தை நோக்கியே செல்கின்றன.

செய்து பாருங்கள்

வீட்டில் மீன் வாங்கும்போது பெரியவர்கள் துணையுடன் இவற்றைக் குறித்து வையுங்கள்: மீனின் பெயர், நீளம், வாங்கிய மாதம், பல்லின் அமைப்பு, செவுள் முட்கள் நெருக்கமா அல்லது அரிதா, வயிற்றில் சினை உண்டா இல்லையா. ஓராண்டு தொடர்ந்து குறித்தால், எந்த மீன் எந்த மாதத்தில் சினையோடு வருகிறது என்பதை உங்கள் குறிப்பேடே காட்டிவிடும். கடல் மீன் ஆராய்ச்சியாளர்கள் துறைமுகங்களில் செய்து வருவதும் இதே வேலைதான்.