விஷத்தை விற்கும் கூட்டுறவுச் சங்கம்

நெசவாளருக்கு நூல் எப்படியோ அப்படியே பாம்பின் விஷத்தை ஆதாரமாகக் கொண்டு நடைபெறும் கூட்டுறவுச் சங்கம் ஒன்று நமது மாநிலத்தில் உண்டென்பதை அங்கத்தினரில் பலர் அறிந்திருக்க மாட்டார்கள். மாமல்லபுரத்துக்கு அண்மையில், வடநெம்மேலியில், 1978 ஆம் ஆண்டில் ஏற்பட்ட இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற் கூட்டுறவுச் சங்கமே அது. நாட்றம்பள்ளி வட்டாரத்துக் கடலைக்காட்டில் ஒருவரைக் கண்ணாடி விரியன் தீண்டினால், ஆஸ்பத்திரியில் அவருக்கு ஏற்றும் மருந்தில் அச்சங்கத்தாரின் உழைப்பும் கலந்திருக்கக் கூடும்.

ஆம்பூர், வாணியம்பாடிக்கு அண்டை அயலில் வாழும் நமக்குத் தோல் வியாபாரம் புதிதன்று. ஒரு காலத்தில் பாம்புத் தோலும் சென்னையிலிருந்து ஏராளமாகக் கப்பலேறிற்று. அதற்குப் பாம்பு பிடித்துக் கொடுத்தவர்கள் இருளர்கள். ஆதாயம் பெரும்பாலும் வியாபாரிகளுக்கே சேர்ந்தது. தோலுக்காக மிகுதியாகக் கொல்லப்பட்டது, எலியைத் தின்று நமது தானியத்தைக் காக்கும் சாரைப்பாம்பு! 1972 இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1976 இல் பாம்புத் தோல் ஏற்றுமதி தடை செய்யப்பட்டது. பாம்புக்கு நன்மை விளைந்தது. இருளர் குடும்பங்களுக்கோ பிழைப்புப் போயிற்று.

அவ்வேளையில் சென்னைப் பாம்புப் பண்ணையை நிறுவிய ரோமுலஸ் விட்டேக்கரும் இருளர்களும் கூடி யோசித்ததன் பயனே இச்சங்கம். பாம்பைக் கொல்லாமல் பிடித்து, விஷத்தை மட்டும் எடுத்து, உயிரோடு மீண்டும் விட்டுவிடுவது என்பது ஏற்பாடு.

வேலை நடைபெறும் முறை தணிக்கை செய்வோர் மெச்சத்தக்கது. நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கையே வாங்குவர். பிடித்து வந்த அங்கத்தினருக்குப் பாம்பின் இனத்துக்கேற்ற விலை உண்டு. பாம்பு பதிவேட்டில் ஏறியபின், வாயைத் துணியால் கட்டிய மண்பானையில் வைக்கப்படும். ஏறக்குறைய மூன்று நான்கு வாரங்கள் அது அங்கிருக்கும். வாரம் ஒரு முறை, கண்ணாடிக் குவளையின் வாயில் இழுத்துக் கட்டிய மெல்லிய தோலைக் கடிக்கச் செய்து விஷம் எடுப்பர். பின்னர் வயிற்றுச் செதிலில் சிறு அடையாளம் வெட்டிக் காட்டில் விடுவர். சட்டை உரிக்க உரிக்க அவ்வடையாளம் மறையும். அதுவரை மறுபடி அகப்பட்டாலும் அப்பாம்பை ஒருவரும் தொடார். சரக்கைத் திரும்ப இயற்கையின் கிடங்கிலேயே சேர்த்துவிடும் இத்தகைய சங்கத்தை வேறெங்கும் நாம் கண்டதில்லை.

எடுத்த விஷத்தை உலர்த்திப் பொடியாக்கி மருந்துக் கம்பெனிகளுக்கு விற்கிறார்கள். அதனைச் சிறிது சிறிதாகக் குதிரைக்குச் செலுத்தி, அதன் இரத்தத்திலிருந்து விஷமுறிவு மருந்து தயாரிக்கப்படுகிறது. 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் ஏறத்தாழ 12 லட்சம் பேர் மாண்டனர் என 2020 இல் வெளியான ஆராய்ச்சி மதிப்பிட்டது. அவர்களில் மிகப் பலர் கிராமத்தார், வயலில் உழைப்பவர்.

சங்கத்துக்குத் தொல்லைகளும் இல்லாமலில்லை. எத்தனை பாம்பு பிடிக்கலாமென்று சர்க்கார் அனுமதி தரவேண்டும்; அது தாமதித்த ஆண்டுகளில் அங்கத்தினர் கையைக் கட்டிக்கொண்டிருக்க நேர்ந்தது. வாங்குவோரும் விரல்விட்டு எண்ணத்தக்க கம்பெனிகளே. நூல் ஒதுக்கீடு வராத மாதத்தில் தறி ஓயும் துயரை அறிந்த நமது நெசவாளர்க்கு இதை விளக்க வேண்டியதில்லை. அனுமதி உரிய பருவத்துக்கு முன்பே வந்து சேர்வதே நியாயம் என்பது நமது கருத்து.

சுவடு பார்க்கும் இவர்களது அறிவு கடல் கடந்தும் சென்றிருக்கிறது. அமெரிக்காவின் புளோரிடாவில், அந்நிலத்துக்கு அந்நியமான பர்மிய மலைப்பாம்பு பெருகிச் சிறு பிராணிகளை அழித்து வருகிறது. 2016 இல் ஆயிரம் பேருக்கு மேல் ஒரு மாதம் தேடி 106 பாம்புகளே பிடித்தனர். 2017 சனவரியில் சங்கத்தைச் சேர்ந்த மாசி சடையனும் வடிவேல் கோபாலும் அங்கு அழைக்கப்பட்டு, இரண்டு வாரத்துக்குள் 13 பாம்புகளைப் பிடிக்கத் துணைநின்றனர். அவற்றுள் ஒன்று 16 அடி நீளமுள்ள பெண் பாம்பு. 2023 இல் இருவருக்கும் பத்மஸ்ரீ விருது வழங்கப்பெற்றது. ஆஸ்திரேலியாவிலும் 2007 முதல் ஆதிக்குடி மக்களைச் சம்பளத்துடன் நிலக்காவலர்களாக அமர்த்தும் திட்டத்தை மத்திய சர்க்கார் நடத்தி வந்திருக்கிறது. ஆயினும் விலை பேசும் உரிமையும் பங்கும் தம்மிடமே கொண்ட இருளர் ஏற்பாடு நமக்கு இன்னும் நெருக்கமானது.

நமது ஊர்களில் தறிக்குழியிலோ வைக்கோற்போரிலோ பாம்பைக் கண்டால் தடியெடுக்க வேண்டாம். தீயணைப்பு நிலையத்துக்கோ வனத்துறைக்கோ தெரிவித்தால் வந்து பிடித்துச் செல்வர். தீண்டிவிட்டாலோ, கடிவாயைக் கீறுதலும் இறுகக் கட்டுதலும் கூடா. கடிபட்ட அங்கத்தை அசையாது வைத்து, மந்திரிப்பவரிடம் நேரம் போக்காமல், திருப்பத்தூர் அரசு மருத்துவமனைக்கு உடனே கொண்டுபோக வேண்டும்.