சரியாக இருப்பதும் காதில் விழுவதும்

'நான் சொன்னதுல என்ன தப்பு?' நம் கூட்டங்களில் அடிக்கடி எழுகிற கேள்வி இது. பெரும்பாலும் தப்பு ஒன்றும் இருக்காது. கேட்கிறவருக்கும் அது தெரியும். அவர் கேட்க நினைப்பது வேறு: நான் சொன்னது ஏன் உங்கள் காதில் விழவில்லை? சரியாக இருக்கவேண்டும் என்பது ஒரு விருப்பம். பிறர் காதுகொடுக்க வேண்டும், தன்னை ஒரு பொருட்டாக மதிக்கவேண்டும் என்பது இன்னொரு விருப்பம். முதலாவதைச் சபையில் சொல்லலாம், இரண்டாவதைச் சொல்ல வெட்கம். எனவே இரண்டாவது எப்போதும் முதலாவதன் சட்டையைப் போட்டுக்கொண்டுதான் மேடையேறுகிறது.

இரண்டையும் பிரித்துப் பார்க்க, யார் சரி என்பது ஐயமின்றித் தீர்ந்துபோன ஒரு வழக்கை எடுத்துக்கொள்ளலாம்.

சென்னை மாநிலக் கல்லூரியில் படித்துவிட்டு 1930இல் கேம்பிரிட்ஜுக்குக் கப்பலேறியபோது சுப்ரமணியன் சந்திரசேகருக்கு வயது 19. எரிபொருள் தீர்ந்த நட்சத்திரம் வெண்குள்ளனாகச் சுருங்கி அடங்கிவிடும் என்பது அன்றைய நம்பிக்கை. சார்பியலையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் அப்படி அடங்குவதற்கு ஓர் எடை வரம்பு உண்டு என்பதை அந்தப் பயணத்திலேயே அவர் கண்டார். சூரியனின் எடையைப் போல ஏறக்குறைய 1.4 மடங்கு என்று இன்று அறியப்படும் வரம்பு அது. 1935 ஜனவரி 11 அன்று லண்டனில் ராயல் வானியல் கழகத்தில் இதை விரிவாக முன்வைத்தார். அவருக்குப் பின் எழுந்தவர் ஆர்தர் எடிங்டன். 1919 கிரகண ஆய்வின் மூலம் ஐன்ஸ்டீனின் கோட்பாட்டுக்குச் சான்று தந்தவர், துறையின் பெரிய தலை. நட்சத்திரம் இப்படி அபத்தமாக நடந்துகொள்ள இயற்கை விடாது என்ற தொனியில் அவர் பேச, சபை சிரித்தது. அதே ஆண்டு பாரிஸில் நடந்த சர்வதேசக் கூட்டத்தில் எடிங்டன் மறுபடி தாக்கியபோது சந்திரசேகர் பதில் சொல்ல அனுமதி கிடைக்கவில்லை.

மிஷேல் ஃபூக்கோ 1970இல் ஆற்றிய தொடக்க உரையில் மெண்டலைப் பற்றிச் சொல்வது நினைவுக்கு வரலாம். மெண்டல் உண்மையைத்தான் சொன்னார், ஆனால் அன்றைய உயிரியல் சொல்லாடல் வகுத்த 'உண்மையின் எல்லைக்குள்' அவர் இல்லை. 1865இல் சொன்னது 1900இல்தான் காதில் விழுந்தது. ஆனால் ஃபூக்கோவை இங்கே அப்படியே பொருத்திவிட முடியாது. சந்திரசேகர் சொல்லாடலுக்கு வெளியே இல்லை. நீல்ஸ் போரும் ரோசன்ஃபெல்டும் பவுலியும் எடிங்டன் சொல்வது தவறு என்று தனிப்பட்ட முறையில் ஒப்புக்கொண்டவர்கள். பகிரங்கமாகச் சொல்லத்தான் எவரும் முன்வரவில்லை. தவறு என்பது வெளிப்படை, பிறகு எதற்குப் போய்ச் சண்டை?

சிக்கலின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது. ஏற்கெனவே காதுகொடுக்கப்படுகிறவனுக்கு 'சரி' என்பதே போதும். காதுகொடுக்கப்படாதவனுக்கு அது போதாது. 'நீ சொல்றதுதான் சரிப்பா, விடு' என்று தோளில் தட்டுவது அங்கீகாரம் அல்ல, அதை ஒத்திப்போடுவது. நிறம்தான் காரணம் என்று முடித்துவிடவும் முடியாது. ஜீன்ஸ், மில்ன் ஆகியோருடனும் எடிங்டன் கடுமையாக மோதியவர். ஆனால் அவர்கள் பதில் சொல்ல மேடை இருந்தது.

சந்திரசேகர் அமெரிக்கா போனார். 1939இல் எல்லாவற்றையும் ஒரு புத்தகத்தில் எழுதிவைத்துவிட்டு வேறு துறைக்கு நகர்ந்தார். எடிங்டனோடு நட்பை முறிக்கவில்லை. எடிங்டன் 1944இல் இறந்தார், நோபல் பரிசு 1983இல் வந்தது. கருந்துளைகளின் கணிதத்துக்கு சந்திரசேகர் திரும்பியது 1970களில்தான். சரியாக இருந்தவர் கடைசியில் வென்றார் என்று இதை நீதிக்கதை ஆக்கலாம். இடையில் போன வருஷங்களை அந்தக் கதை கணக்கில் எடுப்பதில்லை.

இதை எழுதும்போது என்னைச் சந்திரசேகரின் இடத்தில் வைத்துப் பார்க்கத்தான் ஆசை. உண்மை வேறு. சில வருஷங்களுக்கு முன் ஒரு சிற்றூர்க் கூட்டத்தில், ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் முப்பது பக்கம் கையால் எழுதிவந்து வாசித்தார். அதில் ஒரு நூலின் காலத்தை ஒரு நூற்றாண்டு தள்ளிச் சொல்லியிருந்தார். நான் எழுந்து திருத்தினேன். கொஞ்சம் கிண்டலாகவே. சபை சிரித்தது. அவர் மீதிப் பக்கங்களை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, 'தம்பி சொல்றது சரிதான்' என்றார். அதற்குப் பிறகு அவர் கூட்டத்துக்கு வரவில்லை.

எடிங்டன் தவறாக இருந்து சிரிக்கவைத்தார். நான் சரியாக இருந்து சிரிக்கவைத்தேன். சிரிப்பு என்னவோ ஒன்றுதான். காலத்தைக் கூட்டம் முடிந்து டீக்கடையில் திருத்தியிருக்கலாம். மேடையில் எழுந்தது உண்மைக்காக என்று அன்று நம்பினேன். என்னையும் யாராவது கேட்கவேண்டும் என்றிருந்தது, அவ்வளவுதான். அந்தப் பக்கங்களில் மீதி என்ன இருந்தது என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது.