ஏரிக்கரையில் மூன்று நாள்
(மூன்றாம் ஆண்டு இளங்கலை வரலாறு மாணவர் ஒருவர்)

தம்மம்பட்டிக்காரனுக்கு மலை புதிதல்ல. ஒருபுறம் கொல்லிமலை, மறுபுறம் பச்சைமலை. இடையே சுவேத நதிக்கரையில் எங்கள் ஊர். ஆனால் எங்கள் தெருவில் மலைக்குப் போனேன் என்று ஒருவர் சொன்னால், கோயிலுக்கா, கூலி வேலைக்கா என்றுதான் கேட்பார்கள். சும்மா இருப்பதற்காக மலை ஏறியவர் எவரும் இல்லை. என் தந்தையார் மரச்சிற்பம் செதுக்குபவர். உளியைக் கீழே வைத்தால் அன்றைய வரும்படியும் கீழே விழும். ஆகவே நண்பர்கள் மூவருடன் ஏற்காட்டில் மூன்று நாள் தங்கப் போகிறேன் என்றதும், “அங்கே என்ன வேலை?” என்று கேட்டார். வேலை இல்லை என்று சொல்ல எனக்கே கூச்சமாக இருந்தது.

பலர் ஏற்காட்டிற்குக் காலையில் போய், படகில் அரைமணி நேரம் சுற்றி, நிழற்படம் எடுத்துக்கொண்டு மாலையில் இறங்கிவிடுகிறார்கள். அது ஏற்காட்டைப் பார்ப்பதாகாது. அந்த ஊர் நடப்பவர்களுக்கு உரியது. ஏரியை நடுவில் வைத்துக்கொண்டால், பார்க்க வேண்டிய இடங்களில் பெரும்பாலானவற்றிற்குக் காலையில் நடந்து சென்று பொழுது சாய்வதற்குள் திரும்பிவிடலாம்.

ஆத்தூர் வழியாகச் சேலம் சென்று, அங்கிருந்து ஏற்காட்டுப் பேருந்தில் ஏறினோம். இருபது கொண்டை ஊசி வளைவுகள். மூன்றாவது வளைவிலேயே எங்களில் ஒருவன் எலுமிச்சம்பழத்தைக் கையில் எடுத்துவிட்டான். சேலம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 அடி; ஏற்காடு 4,900 அடிக்கும் மேல். ஆயிரம் அடி ஏறினால் வெப்பம் சுமார் 2 டிகிரி செல்சியஸ் குறையும் என்பது புவியியல் பாடம். நான்காயிரம் அடிக்கு எட்டு டிகிரி. புத்தகத்தில் படித்த கணக்கைத் தோலில் உணர்ந்தது அன்றுதான்.

ஏரியும் காடும் சேர்ந்தே ஏற்காடு ஆயிற்று என்பார்கள். ‘ஏரிக்காடு’ எந்தப் புணர்ச்சி விதிப்படி ‘ஏற்காடு’ ஆகும் என்பதைத் தமிழ்த்துறைப் பேராசிரியர்களிடமே விட்டுவிடுகிறேன்.

முதல் நாள் ஏரியைச் சுற்றியபின் லேடீஸ் சீட் வரை நடந்தோம். பாதை கடினமில்லை; முதியவர்களும் மெதுவாக நடக்கலாம். மாலையில் அங்கிருந்து பார்த்தால் மலைப்பாதை பாம்புபோல் நெளிய, கீழே சேலம் நகரில் ஒவ்வொன்றாக விளக்கு ஏறும். வானம் தெளிந்திருந்தால் மேட்டூர் நீர்ப்பரப்பும் தெரியும் என்கிறார்கள். எங்களுக்கு மூடுபனிதான் தெரிந்தது!

இரண்டாம் நாள் கிளியூர் அருவி. ஏரி நிரம்பி வழியும் நீரே அங்கே சுமார் 300 அடி உயரத்திலிருந்து விழுகிறது. எனவே மழைக்காலத்திற்குப் பின் செல்வதே நலம். கோடையில் போனால் வெறும் பாறையைக் கும்பிட்டுத் திரும்ப வேண்டியதுதான். இறங்குவது எளிது, ஏறுவதுதான் மூச்சு வாங்கும். பாறைகள் வழுக்கும், வீரம் காட்டும் இடம் அதுவன்று.

அருவிக்குச் செல்லும் வழியில் காப்பித் தோட்டங்கள். 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் என்பவர்தான் இம்மலையில் காப்பிப் பயிரை அறிமுகப்படுத்தினார். உயர்ந்த சில்வர் ஓக் மரங்களின் நிழலில் காப்பிச் செடிகள், மரங்களில் படர்ந்த மிளகுக்கொடிகள். நாங்கள் சென்றது பழம் சிவக்கும் மார்கழி. இரண்டு பேர் அழகு, அழகு என்று சொல்லிக்கொண்டு வர, மற்றொரு நண்பன் மட்டும் பேசவில்லை. ஒரு வேலியருகே நின்று, “இந்த மாதிரித் தோட்டத்துலதான் எங்கம்மா பழம் பறிச்சாங்க. நான் மரத்தடியில தூங்குவேனாம். அம்மா அந்த ஏரியை ஒரு நாளும் பார்த்ததில்லைன்னு சொல்லும்” என்றான். வெள்ளைக்காரர் வெயிலுக்கு அஞ்சி ஓய்வெடுக்க வந்த இடம் என்று வரலாற்று ஏட்டில் குறித்து வைத்திருந்தேன். அந்த ஓய்வுக்குப் பக்கத்திலேயே எத்தனை பேர் கூடை சுமந்தார்கள் என்று நான் குறித்திருக்கவில்லை. அன்று மாலை அவனே படகுச் சீட்டு வாங்கினான். நால்வரும் ஏறினோம். துடுப்பை அவன் யாரிடமும் கொடுக்கவில்லை.

மூன்றாம் நாள்தான் நீண்ட நடை. சேர்வராயன் மலையுச்சி சுமார் 5,300 அடி. விடியற்காலையில் புறப்பட்டுவிட வேண்டும். உச்சி கூர்மையாக இருக்கும் என்று எண்ணிச் சென்ற எங்களுக்கு அகன்ற சமவெளி காத்திருந்தது. மண் செக்கச் சிவப்பு. இம்மலையின் பாக்சைட் தாது பல ஆண்டுகள் மேட்டூர் அலுமினிய ஆலைக்காக வெட்டி எடுக்கப்பட்டது. உச்சியில் ஒரு குறுகிய குகைக்குள் சேர்வராயரும் காவேரி அம்மனும் குடிகொண்டிருக்கிறார்கள். குனிந்துதான் போக வேண்டும். மே மாதத் திருவிழாவிற்குச் சுற்றுப்புற மலைக்கிராமங்கள் அனைத்தும் அங்கே கூடும்.

இம்மலையின் மக்கள் மலையாளிகள் எனப்படுவோர் (கேரளத்தாரோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்). காஞ்சிபுரத்திலிருந்து வந்த அண்ணன் தம்பி மூவரின் வழியினர் தாங்கள் என்பது அவர்கள் வழங்கும் கதை. சேர்வராயன், கொல்லி, பச்சை ஆகிய மலைகளில் அவர்கள் பரவினர். எங்கள் ஊர்ச் சந்தைக்கு இறங்கிவரும் மக்களின் உறவினர்கள்தாம் இங்கும் இருக்கிறார்கள் என்று அறிந்ததும், அந்நிய ஊரில் நிற்கும் உணர்வு அகன்றது.

செல்ல விரும்பும் நண்பர்களுக்குச் சில சொற்கள். மே மாதக் கோடை விழாவின்போது அறை கிடைப்பதும் அரிது, அமைதி கிடைப்பதும் அரிது. தோட்டங்களுக்குள் கேட்காமல் நுழையாதீர்கள். காட்டெருமை எதிர்ப்பட்டால் படம் எடுக்க நெருங்காமல் ஒதுங்கி நில்லுங்கள். மூடுபனி இறங்குமுன் சாலைக்கு வந்துவிடுங்கள். மழை பெய்தால் தாவரவியல் ஆய்வகத்தின் ஆர்க்கிட் தோட்டத்தில் அரைநாள் கழிக்கலாம். பூச்சி தின்னும் குடுவைச் செடி அங்கே உண்டு. தாவரவியல் மாணவர்கள் அதை முதலிலேயே பார்த்துவிடுவது நல்லது, இல்லையெனில் நடக்க மனம் வராது.

வீடு திரும்பியதும் தந்தையார், “மூணு நாளா என்னப்பா பண்ணினீங்க?” என்றார். “நடந்தோம், அப்பா. அப்புறம் ஏரிக்கரையில உட்கார்ந்திருந்தோம்” என்றேன். சிறிது நேரம் ஒன்றும் சொல்லவில்லை. செதுக்கிக்கொண்டிருந்த யாளியின் வாயிலிருந்து மரத்தூளை ஊதிவிட்டு, “அங்க மரமெல்லாம் எப்படி?” என்று கேட்டார். சில்வர் ஓக் மரத்தைப் பற்றிச் சொன்னேன். உளிக்கு நிற்குமா என்றார். எனக்குத் தெரியவில்லை. முழங்கால் வலி உள்ளவர் ஏரியிலிருந்து எவ்வளவு தூரம் நடக்க முடியும் என்பது அவருடைய அடுத்த கேள்வி. லேடீஸ் சீட் வரை போகலாம் என்று சொல்லியிருக்கிறேன்.