திருக்குறளில் அவா

ஆசையே துன்பத்திற்குக் காரணம் என்பதற்குச் சான்றாகத் திருக்குறளின் 37ஆம் அதிகாரமான ‘அவா அறுத்தல்’ பலராலும் எடுத்துக்காட்டப்படுகிறது. இதனைக் கொண்டு, வள்ளுவர் எல்லா விருப்பங்களையும் விலக்கினார் எனக் கருதுவது பொருந்துமா என்பது ஆராயத்தக்கது.

இவ்வதிகாரம் துறவறவியலின் இறுதியில் அமைந்து, பிறவி நீங்க முயலும் துறவியரை நோக்கிப் பேசுகிறது. இல்லறத்தாருக்கோ 18ஆம் அதிகாரமான ‘வெஃகாமை’ கூறப்பட்டுள்ளது. பிறர் பொருளைக் கவர எண்ணும் விருப்பத்தை மட்டுமே அது கடிகிறது. பொருட்பாலில் 60ஆம் அதிகாரமான ‘ஊக்கமுடைமை’, எண்ணுவன யாவும் உயர்ந்தனவாக இருத்தல் வேண்டும் என்றும், அவை கைகூடாவிடினும் அவ்வெண்ணத்தைக் கைவிடலாகாது என்றும் அறிவுறுத்துகிறது. காமத்துப்பாலின் 25 அதிகாரங்களும் காதல் வேட்கையைப் பாடி, ஊடல் தரும் உவகையோடு நிறைவுறுகின்றன.

அவா அறுத்தலிலும் ஒரு நுட்பம் உண்டு. பிறவாமையை விரும்புமாறும், அதனை அடைய விருப்பமின்மையை விரும்புமாறும் வள்ளுவர் கூறுகிறார். துறவிக்கும் ஒரு விருப்பம் எஞ்சுகிறது. அதன் இலக்கே வேறுபடுகிறது. அவா இயல்பாகவே நிரம்பாதது என்பதும் அங்கு உணர்த்தப்படுகிறது. ஆகவே, பெறுவனவற்றைப் பெருக்கிக்கொண்டே சென்று மகிழ்ச்சியை எய்த இயலாது என்பது தெளிவு.

எவர், எதனை, எந்நிலையில் விரும்புகிறார் என்பதைக் கொண்டே வள்ளுவர் விருப்பத்தை மதிப்பிடுகிறார் எனலாம். கல்வியில் உயர விழையும் இளைஞனிடம் ‘ஆசைப்படாதே’ எனக் கூறித் துறவிக்குரிய குறளைச் சான்று காட்டுவது முறையன்று. அவனுக்குரிய அதிகாரம் ஊக்கமுடைமையே ஆகும்.